கர்சர் சொன்ன பேச்சைக் கேட்காதபோது: க்யூட்டி பழகுபவர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

சாளரமும் பொத்தானும் கொண்ட செயலிகளை எழுத உதவும் டூல்கிட்டான க்யூட்டியில் (Qt) படம் பார்க்கும் செயலி ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் மேல் மவுஸ் வந்தால் விரிந்த கை தெரிய வேண்டும். பிடித்து இழுக்கும்போது அது மூடிய கையாக வேண்டும். பெரிய கோப்பைத் திறக்கும்போது காத்திருக்கச் சொல்லும் வட்டம் சுழல வேண்டும். மூன்றையும் எழுதி, உங்கள் விண்டோஸ் கணினியில் ஓட்டிப் பார்த்து, திருப்தியோடு நண்பர்களுக்கு அனுப்புகிறீர்கள். உபுண்டு வைத்திருப்பவர் கை வரவே இல்லை என்கிறார். மேக் வைத்திருப்பவர், வந்த வட்டம் போகவே மாட்டேன் என்கிறது என்கிறார்.

இப்படிப் புகார் வந்ததும் பெரும்பாலானோர் செய்வது, கர்சர் வடிவத்தை வைக்கும் செட்கர்சர் வரியை இன்னும் நாலு இடத்தில் போட்டுப் பார்ப்பது. சில சமயம் சரியாகியும் விடும். ஏன் சரியானது என்று தெரியாததால், அடுத்த மாதம் அதே பிழை வேறு மூலையில் தலைகாட்டும். அதனால் முதலில் கர்சர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு சின்ன சோதனை. பொத்தானை அழுத்தினால் இருபது விநாடி எதுவும் செய்யாமல் தூங்கும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓட்டுங்கள். பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துபோகும். எதைச் சொடுக்கினாலும் பதில் இருக்காது. ஆனால் மவுஸை நகர்த்தினால் கர்சர் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் திரை முழுக்க ஓடும். காரணம், கர்சரை நகர்த்துவது உங்கள் புரோகிராமின் வேலையே இல்லை. அது இயங்குதளமும் வரைகலை அட்டையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை. பெரும்பாலான கணினிகளில் கர்சர் படத்துக்கென்று அட்டையில் தனி அடுக்கே உண்டு. திரையில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது வைக்கப்படுகிறது.

உங்கள் புரோகிராமுக்கு விடப்பட்டிருப்பது ஒரே ஒரு பொறுப்பு: வடிவம். மவுஸ் உங்கள் சாளரத்துக்குள் வரும்போது "இந்த இடத்தில் என்ன வடிவம் காட்டட்டும்?" என்று இயங்குதளம் கேட்கிறது, நீங்கள் பதில் சொல்கிறீர்கள். கர்சர் பிழை என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கேள்வி பதிலில் நடக்கும் கோளாறுதான். கேள்வி வேறு யாரிடமோ போயிருக்கும். அல்லது நீங்கள் சொன்ன பதிலை இன்னொருவர் மாற்றியிருப்பார். அல்லது கேள்வியே எழுந்திருக்காது. படமே தவறாக இருப்பது தனிக் கதை, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கேட்கும் விதம் ஊருக்கு ஊர் வேறு

க்யூட்டி நார்வேயில் பிறந்த டூல்கிட். 1995-இல் முதன்முதலாக வெளியானது. ஒரே நிரல் எல்லா இயங்குதளத்திலும் ஓடும் என்பதுதான் அதன் வாக்குறுதி. ஆனால் கர்சர் விஷயத்தில் அடியில் இருக்கும் நான்கு உலகங்கள் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. க்யூட்டி எவ்வளவு மூடினாலும் அந்த வித்தியாசம் ஓரமாக எட்டிப் பார்க்கும்.

விண்டோஸில் மவுஸ் ஒவ்வொரு முறை நகரும்போதும் கீழே உள்ள சாளரத்துக்கு டபிள்யூஎம்-செட்கர்சர் என்ற செய்தி போகிறது. அதற்குப் பதில் சொல்லாவிட்டால், அந்த வகைச் சாளரத்துக்கென்று முன்பே பதிவு செய்யப்பட்ட கர்சரை விண்டோஸ் தானே போட்டுவிடும். லினக்ஸின் பழைய எக்ஸ்11 அமைப்பில் நேர் எதிர். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு கர்சரை முன்கூட்டியே ஒட்டிவைத்துவிடலாம். மவுஸ் வரும்போது எக்ஸ் சர்வரே மாற்றிக்கொள்ளும். ஒரு சாளரத்துக்கு எதுவும் ஒட்டப்படவில்லையென்றால் தாய்ச் சாளரத்தின் கர்சர் தெரியும்.

இப்போதைய லினக்ஸ்களில் பரவலாகிவிட்ட வேலாண்ட் என்ற புதிய திரை அமைப்பில் கட்டுப்பாடு கூடுதல். மவுஸ் உங்கள் பரப்புக்குள் நுழையும்போது அந்த நுழைவுக்கு ஒரு வரிசை எண் வரும். கர்சரை மாற்றச் சொல்லும்போது அந்தக் கடைசி நுழைவின் எண்ணையே சேர்த்து அனுப்ப வேண்டும். பழைய எண்ணோடு போனால் கோரிக்கை சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. நுழைந்தவுடன் கர்சர் எப்படி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு நுழைவுக்கும் செயலி புதிதாகச் சொல்லியாக வேண்டும். எண்ணையெல்லாம் க்யூட்டி கவனித்துக்கொள்ளும். ஆனால் எக்ஸ்11-இல் நன்றாக ஓடியது வேலாண்டில் மட்டும் முரண்டு பிடித்தால், தேட வேண்டிய இடம் இந்தப் பக்கம்தான்.

மேக்கில் சாளரத்தின் பகுதிகளைச் செவ்வகங்களாகப் பிரித்து, இந்தச் செவ்வகத்தில் இந்தக் கர்சர் என்று பதிவு செய்யும் முறை உண்டு. நேரடியாகவும் கர்சரை மாற்றலாம். ஆனால் செவ்வகப் பதிவு ஏதாவது அங்கே இருந்தால், நீங்கள் நேரடியாக மாற்றியதை அது அடித்துவிட்டுப் போகும்.

கேள்வி எந்த விட்ஜெட்டுக்குப் போகிறது?

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போன்ற டூல்கிட்கள் விண்டோஸில் ஒவ்வொரு பொத்தானையும் பட்டியலையும் இயங்குதளத்தின் உண்மையான சாளரமாகவே உருவாக்குகின்றன. க்யூட்டி அப்படியில்லை. 2008-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து, பொதுவாக மேல்மட்டச் சாளரம் ஒன்றுதான் இயங்குதளத்துக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பொத்தான், பெட்டி போன்ற விட்ஜெட்கள் எல்லாம் க்யூட்டி தனக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. மவுஸ் எந்த விட்ஜெட்டின் மேல் இருக்கிறது என்று க்யூட்டியே பார்த்து, அதற்குரிய கர்சரை மொத்தச் சாளரத்துக்கும் போட்டுவிடும்.

இதில் ஒரு விளைவு உண்டு. வீடியோ காட்டும் பரப்பு, வேறு நிரலகத்திலிருந்து பொருத்திய பெட்டி போன்ற சில விட்ஜெட்கள் சொந்தமாக உண்மையான சாளரம் வைத்திருக்கும். அவற்றின் மேல் மவுஸ் போனால் கேள்வி உங்களிடம் வராமலே போகலாம். சுற்றிலும் கை, நடுவில் மட்டும் அம்பு என்று தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

ஆனால் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதைவிட எளிய ஒன்று. எழுதும் பெட்டியான க்யூடெக்ஸ்ட்எடிட்டுக்குச் செட்கர்சர் சொல்லி அம்புக்குறி கேட்கிறீர்கள். ஒன்றும் நடப்பதில்லை. எழுத்துக்கு நடுவே நிற்கும் அந்த ஐ வடிவக் கோடுதான் வருகிறது. மவுஸைப் பெட்டியின் விளிம்புக்கு, அந்த ஓரிரு பிக்சல் சட்டத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் அம்பு ஒரு கணம் மின்னி மறைகிறது. அந்த மின்னலைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: நீங்கள் சொன்ன கர்சர் சட்டத்துக்குத்தான் போயிருக்கிறது. உருட்டிப் பார்க்கக்கூடிய எல்லா விட்ஜெட்களுக்கும் உள்ளே வியூபோர்ட் என்ற இன்னொரு விட்ஜெட் இருக்கிறது. எழுத்து தெரிவது, மவுஸ் படுவது எல்லாம் அதன் மேல்தான். க்யூட்டி அதற்கு ஏற்கெனவே ஐ கர்சரை வைத்திருக்கிறது. ஆகவே பெட்டியிடம் வியூபோர்ட்டைக் கேட்டு வாங்கி, அதற்குச் செட்கர்சர் சொல்ல வேண்டும். பட்டியல், அட்டவணை, மரம், கிராஃபிக்ஸ்வியூ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கிராஃபிக்ஸ்வியூவில் இன்னொரு வம்பும் உண்டு. அதன் இழுப்பு முறையை ஸ்க்ரோல்ஹேண்ட்டிராக் என்று வைத்தால், விரிந்த கையையும் மூடிய கையையும் அதுவே வியூபோர்ட்டில் போட்டுக்கொள்ளும். நீங்கள் கூட்டல் குறிக் கர்சர் வைத்திருந்தால், முதல் முறை இழுத்து விட்டவுடன் அது காணாமல் போய் விரிந்த கை வந்து உட்கார்ந்துவிடும். மவுஸ் பொத்தானை விட்டதும் க்யூட்டி கூப்பிடும் மவுஸ்ரிலீஸ்ஈவென்ட்டை நீங்களே எழுதி, முதலில் தாய் வகுப்பின் ஈவென்ட்டைக் கூப்பிட்டுவிட்டு, அதற்கு அப்புறம் உங்கள் கர்சரை வியூபோர்ட்டில் வையுங்கள். வரிசை மாறினால் பலன் இல்லை. கடைசியாகச் சொன்னவர் பேச்சுதான் நிற்கும்.

ஊகித்துக்கொண்டிருப்பதைவிட நேரடியாகக் கேட்டுவிடலாம். அரை விநாடிக்கு ஒருமுறை ஓடும் க்யூடைமர் ஒன்றை வைத்து, அதில் க்யூஅப்ளிகேஷனின் விட்ஜெட்அட்டுக்கு இப்போதைய கர்சர் இடத்தைக் கொடுத்து, கிடைக்கும் விட்ஜெட்டின் வகுப்புப் பெயரை டெர்மினலில் அச்சிடச் சொல்லுங்கள். அதே வரியில் அந்த விட்ஜெட்டின் கர்சர் வடிவத்தையும், ஓவர்ரைட் கர்சர் (செயலி முழுவதற்கும் கட்டாயமாக்கிய கர்சர், விவரம் பின்னால்) ஏதாவது இருக்கிறதா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். மவுஸை மெதுவாக நகர்த்திக்கொண்டே டெர்மினலைப் பார்த்தால், நீங்கள் நினைத்த விட்ஜெட் ஒன்று, உண்மையில் மேலே இருப்பது வேறொன்று என்பது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். மேலே விரிந்து கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத லேபிள் ஒன்று கேள்வியை வாங்கி வைத்துக்கொள்வது இப்படித்தான் பிடிபடும். வேலாண்டில் திரையின் முழு ஆயத்தொலைவு செயலிக்குத் தரப்படுவதில்லை. அங்கே செயலி முழுவதற்கும் ஒரு ஈவென்ட் (நிகழ்வுச் செய்தி) வடிகட்டி போட்டு, எந்த விட்ஜெட்டுக்கு நுழைவு ஈவென்ட் வருகிறது என்று அச்சிடுவது நம்பகமான வழி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: மவுஸ் நகரும்போது கூப்பிடப்படும் மவுஸ்மூவ்ஈவென்ட்டுக்குள் கர்சரை மாற்றும்படி எழுதியிருக்கிறீர்கள், பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் மாறுகிறது, சும்மா நகர்த்தினால் மாறவில்லை என்றால் அது பிழையே இல்லை. க்யூட்டி விட்ஜெட்கள் இயல்பில் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே நகர்வு ஈவென்ட்டைப் பெறும். செட்மவுஸ்டிராக்கிங்கை உண்மை என்று வைத்தால் எப்போதும் வரும். வியூபோர்ட் உள்ள விட்ஜெட் என்றால், அதையும் வியூபோர்ட்டுக்கே சொல்லுங்கள்.

போக மறுக்கும் வட்டம்

க்யூட்டி கர்சர் புகார்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓவர்ரைட் கர்சர். காரணம் எப்போதும் ஒன்றுதான், ஆனால் அது ஒளிந்துகொள்ளும் இடங்கள் விதவிதமானவை.

செட்ஓவர்ரைட்கர்சர் என்பது செயலி முழுவதற்கும் ஒரே கர்சரைக் கட்டாயமாக்கும் கட்டளை. அது இருக்கும்வரை தனித்தனி விட்ஜெட்கள் கேட்கும் கர்சர் எதுவும் தெரியாது. விட்ஜெட் கேட்டதைக் க்யூட்டி குறித்து வைத்துக்கொள்ளும், காட்டாது. செட்கர்சர் வேலையே செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல பேருடைய செயலியில், எங்கோ ஒரு ஓவர்ரைட் கர்சர் கழற்றப்படாமல் மேலே உட்கார்ந்திருக்கும்.

ஓவர்ரைட் கர்சர்கள் அடுக்காகச் சேருபவை. ஒரே கதவில் மூன்று பூட்டு போட்டால் மூன்றையும் திறந்தால்தான் கதவு திறக்கும், அதுபோல. மூன்று முறை செட்ஓவர்ரைட்கர்சர் கூப்பிட்டிருந்தால் ரீஸ்டோர்ஓவர்ரைட்கர்சரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒருமுறை கூப்பிட்டால் மேலே உள்ளது மட்டும் போகும், கீழே உள்ள வட்டம் அப்படியே இருக்கும். மவுஸ்மூவ்ஈவென்ட்டுக்குள் செட்ஓவர்ரைட்கர்சர் எழுதினால் என்ன ஆகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். மவுஸ் ஒரு அங்குலம் நகர்வதற்குள் அடுக்கு மளமளவென்று வளர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு ரீஸ்டோரால் என்ன பயன்? இருப்பதை மாற்ற மட்டும் வேண்டுமென்றால் அதற்கென்றே சேஞ்ச்ஓவர்ரைட்கர்சர் இருக்கிறது. ஆனால் நகர்வு ஈவென்ட்டுக்குள் இந்தக் குடும்பமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அங்கே விட்ஜெட்டின் சொந்தச் செட்கர்சர் போதும்.

அடுக்கு சமன் இல்லாமல் போவதற்கு வழக்கமான காரணம், நடுவில் கிளம்பும் பிழை. கர்சரை வட்டமாக்குகிறீர்கள், கோப்பைத் திறக்கிறீர்கள், கர்சரைத் திரும்பக் கொடுக்கிறீர்கள். மூன்று வரிகள். கோப்பு பழுதாகியிருந்தால் இரண்டாவது வரியிலேயே எக்செப்ஷன் எழுந்து மூன்றாவது வரிக்குப் போகாமலே வெளியேறிவிடும். நடுவில் ஒரு ரிட்டர்ன் இருந்தாலும் இதேதான். நல்ல கோப்பை மட்டும் வைத்துச் சோதிக்கும் உங்கள் கணினியில் இது ஒருபோதும் தெரியாது. பைத்தானில் எழுதுபவர்கள் ட்ரை, ஃபைனலி போட்டு, ரீஸ்டோரை ஃபைனலியில் வைத்துவிட வேண்டும். ஒரு சின்ன கான்டெக்ஸ்ட் மேனேஜராக எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வித் என்று தொடங்கினால் முடியும்போது தானே கழன்றுவிடும். சி++ என்றால், உருவாகும்போது கர்சரை வைத்து அழியும்போது திரும்பக் கொடுக்கும் சிறு வகுப்பு ஒன்று. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இதைப் பிசிகர்சர் என்ற பெயரில் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. வேலை நடக்கும்போது பிழை வந்தால் பயனருக்கு ஒரு செய்திப் பெட்டி காட்டுகிறீர்கள். ஃபைனலியும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் செய்திப் பெட்டி திறந்திருக்கும் நேரம் முழுக்க ஃபைனலிக்கு இன்னும் முறை வரவில்லை. ஆகவே பயனர் "சரி" பொத்தானின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அங்கேயும் வட்டம் சுழல்கிறது. சொடுக்கலாமா, காத்திருக்கணுமா என்று அவர் குழம்புகிறார். பெட்டியைக் காட்டும் வேலையை வித் தொகுதிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஓவர்ரைட் கர்சர் காலியாகும்வரை ரீஸ்டோரைச் சுழலில் கூப்பிடுவது என்று ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் வேறொரு பகுதி நியாயமாகப் போட்டு வைத்த கர்சரையும் அது சேர்த்துக் கழற்றிவிடும், உண்மையான ஓட்டையும் எங்கே என்று தெரியாமல் போய்விடும். பிழையைத் தேடும்போது ஒரு சோதனையாக மட்டும் செய்து பாருங்கள். செய்ததும் கர்சர் சரியானால், அடுக்கில் மிச்சம் இருந்தது என்பது உறுதி.

மறைந்துபோகும் கர்சருக்கும் இதே சமன் கணக்கு உண்டு. விண்டோஸின் ஷோகர்சர் கட்டளை உள்ளுக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கிறது. தொடக்கம் பூஜ்யம். மறை என்றால் ஒன்று குறையும், காட்டு என்றால் ஒன்று கூடும். எண் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்வரை கர்சர் தெரியாது. மேக்கிலும் மறைப்பதும் காட்டுவதும் ஜோடியாகவே இருக்க வேண்டும். க்யூட்டிக்குள் இருக்கும்போது இவற்றை நேரடியாகத் தொடாமல் பிளாங்க்கர்சர் என்ற வெற்று வடிவத்தைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

வட்டம் வராமலே போனால்

எதிர்ப்பக்கக் கோளாறு இது. காத்திருப்புக் கர்சரை வைத்துவிட்டு உடனே முக்கிய இழையிலேயே (சாளரத்தைக் கவனிக்கும் த்ரெட்) நீண்ட வேலையைத் தொடங்கினால், சில அமைப்புகளில் வட்டம் தெரிவதற்கு முன்பே எல்லாம் உறைந்துவிடும். டிகேயில், அதாவது பைத்தானோடு வரும் டிகின்டரில், கர்சரை வாட்ச் என்று மாற்றியபின் அப்டேட் சொல்லாமல் வேலையைத் தொடங்கினால், வேலை முடியும்வரை மாற்றம் கண்ணுக்கே தெரியாமல் போவதுண்டு. லினக்ஸில் அந்தக் கோரிக்கை எக்ஸ் சர்வருக்குப் போகாமல் வரிசையில் காத்துக் கிடப்பதுதான் காரணம்.

வட்டம் தெரிந்தாலும் நிம்மதி இல்லை. முக்கிய இழை ஐந்து விநாடிக்கு மேல் செய்திகளை எடுக்காவிட்டால் விண்டோஸ் உங்கள் சாளரத்தைப் பதில் தராதது என்று முடிவு கட்டி, அதற்குப் பதிலாக வெளிறிய நகல் ஒன்றை வைத்துவிடும். மேக்கில் வானவில் சக்கரம் வரும். அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத கர்சர், எந்தக் க்யூட்டி கட்டளையாலும் அதை நீக்க முடியாது. மேக் நண்பர் சொன்ன "போகாத வட்டம்" இதுவா, உங்கள் ஓவர்ரைட் கர்சரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் பல வண்ணமாக இருந்தால் கர்சர் நிரலைத் தொட வேண்டாம், வேலையைத் தனி இழைக்கு மாற்றுங்கள். அந்தத் தனி இழையிலிருந்து கர்சரைத் தொடக் கூடாது என்பதும் முக்கியம். வேலை முடிந்ததும் ஒரு சிக்னல் அனுப்பி, முக்கிய இழையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நகராத மவுஸ், விடாத கை

சொடுக்கியதும் மறைந்துவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதன் மேல் கை கர்சர். சொடுக்கினால் பொத்தான் போய்விட்டது, ஆனால் கை அங்கேயே நிற்கிறது. மவுஸை ஒரு துளி அசைத்ததும் அம்பாக மாறுகிறது. பல சமயம் வடிவக் கேள்வி எழுவது மவுஸ் நகரும்போதுதான். கீழே உள்ள தளம் மாறியதை யாரும் கவனிப்பதில்லை. பயனர் எப்படியும் மவுஸை அசைப்பார் என்பதால் பெரும்பாலும் இதை விட்டுவிடலாம். உறுத்தினால், பொத்தானை மறைப்பதற்கு முன் அன்செட்கர்சர் சொல்லிப் பாருங்கள்.

இழுக்கும்போது நடப்பது வேறு. பொத்தானை அழுத்திய கணம் முதல் விடும்வரை மவுஸ் ஈவென்ட்கள் எல்லாம் அழுத்தப்பட்ட விட்ஜெட்டுக்கே போகும், மவுஸ் சாளரத்துக்கு வெளியே போனாலும்கூட. அதுவரை கர்சரும் அந்த விட்ஜெட்டுடையதே. இது வேண்டுமென்றே அமைத்த நடத்தை. சிக்கல் எப்போது என்றால், பாதி இழுப்பில் பயனர் ஆல்ட்-டேப் அழுத்தி வேறு செயலிக்குத் தாவினால், அல்லது திடீரென்று ஒரு பெட்டி முளைத்தால். மவுஸ் பொத்தானை விட்ட செய்தி உங்களுக்கு வராமலே போகலாம், மூடிய கை மூடியபடியே நிற்கும். சாளரம் முன்னிலை இழக்கும்போது வரும் விண்டோடிஆக்டிவேட் ஈவென்ட்டிலும் இழுப்பை முடித்துவிடுங்கள். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸில் மவுஸை நீங்களாகப் பிடித்து வைத்தால், பிடி நழுவியதைச் சொல்லும் ஈவென்ட்டைக் கையாளுவது கட்டாயம்.

படபடவென்று இரண்டு வடிவங்களுக்கு நடுவே துடிக்கும் கர்சரைப் பார்த்தால், ஒரே கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில், க்யூட்டிக்குத் தெரியாமல் யாராவது நேரடியாக இயங்குதளத்தின் செட்கர்சரைக் கூப்பிட்டால் இது நடக்கும். அடுத்த நகர்விலேயே டபிள்யூஎம்-செட்கர்சர் வந்து பழையதைத் திரும்பப் போட்டுவிடும். இரண்டில் ஒருவரை நிறுத்துவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

படமே தப்பு என்றால்

சொந்தமாக வரைந்த கர்சரில் சொடுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறதா? ஹாட்ஸ்பாட்டைப் பாருங்கள். கர்சர் படத்தில் எந்தப் பிக்சல்தான் உண்மையான முனை என்பதைச் சொல்லும் புள்ளி அது. க்யூகர்சருக்குப் படத்தை மட்டும் கொடுத்தால், முனை படத்தின் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கூட்டல் குறிக்கு அது சரி, அம்புக்கும் பென்சிலுக்கும் சரிவராது. முனை மேல் இடது மூலை என்றால் பூஜ்யம், பூஜ்யம் என்று கொடுத்துவிடுங்கள். அளவுக்கு 32-க்கு 32 பிக்சலைக் க்யூட்டி ஆவணமே பரிந்துரைக்கிறது, அது எல்லா இடத்திலும் செல்லும். கூர்மையான திரைகளுக்கு இருமடங்கு அளவில் வரைந்தால், அந்தப் படத்தின் (பிக்ஸ்மேப்) அளவுப்பெருக்கமான டிவைஸ்பிக்சல்ரேஷியோவை இரண்டு என்று வைக்க மறக்காதீர்கள். ஹாட்ஸ்பாட் எண்களைப் பழைய, சிறிய அளவின் கணக்கிலேயே கொடுக்க வேண்டும்.

வேலாண்டில் இன்னொரு விநோதம்: மேசைத்தளத்தில் பெரிதாக இருக்கும் கர்சர் உங்கள் செயலிக்குள் நுழைந்ததும் சுருங்கும், அல்லது வேறு தீமுக்கு மாறும். அங்கே நெடுங்காலமாகச் செயலியே தீமைத் தேடி எடுத்து, கர்சர் படத்தை வரைந்து அனுப்பி வந்தது. தீமின் பெயரும் அளவும் அதற்குச் சரியாகக் கிடைக்காவிட்டால் தன்னிடம் இருப்பதைப் போட்டுவிடும். படத்துக்குப் பதிலாக "கை காட்டு" என்று வடிவத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்ற நெறிமுறை 2023-இல் வந்தது. செயலி, டூல்கிட், மேசைத்தளம் எல்லாம் அதை ஆதரிக்கும் இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற இடங்களில் எக்ஸ்கர்சர் தீம், எக்ஸ்கர்சர் அளவு ஆகிய சூழல் மாறிகளைச் சரிபாருங்கள்.

சில புகார்கள் புகாரே அல்ல. மேக்கில் மவுஸை வேகமாக ஆட்டினால் கர்சர் பெரிதாவது 2015 முதல் உள்ள வசதி. தட்டச்சு செய்யும்போது கர்சர் மறைவதற்கு விண்டோஸில் தனி அமைப்பே உண்டு. மெய்நிகர் கணினிக்குள்ளோ தொலைநிலை இணைப்பிலோ இரட்டைக் கர்சர் தெரிந்தால், ஒன்று உள்ளே இருக்கும் கணினியுடையது, மற்றது வெளியே இருப்பது. நேரடிக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நிரலில் கை வைக்காதீர்கள்.

டூல்கிட்டின் பிழைதானா?

இவ்வளவும் பார்த்தபின்னும் பிடிபடவில்லை என்றால், க்யூட்டியிலேயே கோளாறு இருக்கலாம். லினக்ஸில் அதை வடிகட்ட ஒரு நல்ல சோதனை உண்டு. க்யூட்டியின் பிளாட்ஃபார்ம் சூழல் மாறியை எக்ஸ்சிபி (எக்ஸ்11 வழி) என்று வைத்துச் செயலியை ஓட்டுங்கள், பிறகு வேலாண்ட் என்று வைத்து ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் உங்கள் நிரலைவிட அந்தப் பிளாட்ஃபார்ம் பகுதி மேல்தான் சந்தேகம் வலுக்கும். அடுத்து, உங்கள் செயலியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, பிழை இன்னும் தெரியும் மிகச் சிறிய புரோகிராமாகச் சுருக்குங்கள். ஒரு சாளரம், ஒரு விட்ஜெட், ஒரு செட்கர்சர். பாதிப் பேருக்கு இந்த வெட்டும் வேலையிலேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கிடைக்காவிட்டால் பிழையைப் பதிவு செய்யுங்கள். இயங்குதளமும் அதன் பதிப்பும், க்யூட்டி பதிப்பு, எக்ஸ்11-ஆ வேலாண்டா, திரையின் அளவுப்பெருக்கம் நூறு சதவீதமா இருநூறா, எத்தனை திரை இணைத்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் குறிப்பிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் இணைத்துவிட்டு உட்கார வேண்டாம். முன்பு சொன்ன அந்தத் தனி அடுக்கில் கர்சர் இருப்பதால் பல நேரம் அது ஸ்க்ரீன்ஷாட்டில் விழுவதே இல்லை. விழுந்தாலும் பதிவுச் செயலி தானாகச் சேர்த்த வேறு படமாக இருக்கலாம். போனை எடுத்து, திரையும் மவுஸ் பிடித்த கையும் ஒருசேரத் தெரியும்படி பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். எந்த அசைவில் வடிவம் மாறுகிறது, எதில் மாறவில்லை என்பது அதில்தான் தெரியும்.